லூர்தம்மாளின் முப்பத்தொன்பது டிகிரி

நரிக்குடிச் சாலையில் இருக்கும் எங்கள் மருந்தகத்து வாசலில் பஸ் நிற்பதில்லை. அன்று நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "கம்பவுண்டரே, நர்சம்மா அருப்புக்கோட்டையில எறந்துட்டாகளாம். சாயங்காலம் அடக்கம்" என்றான். "காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சாம்?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் ஊதினான். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுச் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தார் லூர்தம்மாள். செத்துவிட்டார் என்கிறவனிடம் காய்ச்சல் எவ்வளவு என்று ஏன் கேட்டேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியை அதட்டுவார், பார்க்க வந்தவர்களை அதைவிட அதட்டுவார். "சீக்காளிக்கு வேண்டியது கஞ்சியும் காத்தும். ரெண்டையும் மறிச்சுக்கிட்டு நிக்காதீக" என்பார். அவர்கள் வெளியே போனதும், அவர்கள் சாப்பிட்டார்களா என்று என்னிடம் விசாரிப்பார்.

யுத்த காலத்தில் ஒருநாள், உதறும்போது கை தவறி எங்கள் ஒரே தெர்மாமீட்டர் உடைந்தது. மதுரையிலும் வேறு கிடைக்காத நேரம். பிரான்சிலிருந்து வந்திருந்த பாதிரிச் சாமியார் தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது சென்டிகிரேடு. எங்கள் பக்கத்தில் நூறைத் தாண்டினால் காய்ச்சல் என்பது ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். அந்தத் தெர்மாமீட்டரில் நூறே கிடையாது, நாற்பத்திரண்டோடு முடிந்துவிட்டது.

அன்று உள்ளே படுத்திருந்தவள் முத்தாயி. காலையில், உடைவதற்கு முன், பழைய தெர்மாமீட்டரில் அவளுக்கு நூற்றி நான்கு. மாலையில் புதியதை வைத்துப் பார்த்த லூர்தம்மாள், "முப்பத்தொம்பது" என்று என்னிடம் சத்தமாகச் சொன்னார். வாசற்படியில் நின்ற அவள் புருஷன் கருப்பையா முகம் வெளிறிப்போய் இறங்கிப் போனார். வெற்றிலை வாங்கப் போகிறார் என்று நினைத்தோம்.

எங்கள் கவலை வேறாக இருந்தது. இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, முப்பத்திரண்டைக் கூட்டினால் நம் பாரன்ஹீட் கணக்கு வரும் என்று சாமியார் சொல்லியிருந்தார். முப்பத்திரண்டை முதலிலேயே கூட்டிவிட்டேன் நான். எனக்கு நூற்றி இருபத்தேழுக்கு மேல் வந்தது. லூர்தம்மாளுக்கு நூற்றி இரண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் பெயர் எடுத்தவன் நான், விடுவேனா? சுவரில் கரியால் எழுதி எழுதி வாதாடினேன். கடைசியில் அவர் கட்டிலைக் காட்டினார். "ஒங்க கணக்குல இவ வெந்துல்ல போயிருப்பா. என் கணக்குல கஞ்சி கேக்குறா, பாருங்க" என்றார். முத்தாயி உண்மையாகவே கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சாலையில் ஒப்பாரி கேட்டது. முன்னால் முத்தாயியின் அண்ணன், கையில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். கலயத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யாருண்ணே போயிட்டாக?" என்று கேட்டாள் முத்தாயி.

"நீதான் தாயி" என்றார் அவர்.

பிறந்த வீட்டுக்குச் சேதி சொன்ன கருப்பையாவை லூர்தம்மாள் பிடித்துக்கொண்டார். "மொகத்தைப் பாக்கத் தைரியம் வரலம்மா" என்றார் அவர். "நூத்தி நாலு இருந்த சூடு முப்பத்தொம்பதுக்கு எறங்கிட்டா மனுசி மிஞ்சுவாளா?" அவர் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அடுத்த குழப்பம் கோடிச் சேலை. செத்தவளுக்குப் போர்த்தக் கொண்டுவந்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருப்பவளுக்குக் கொடுக்கவும் கூடாது. வந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு விழித்தார்கள். லூர்தம்மாள் கை நீட்டினார். "இங்க குடுங்க. எனக்குக் கோடி கொண்டார கூடப் பொறந்தவுக யாரும் இல்ல. இருக்கும்போதே கட்டிப் பாத்துக்கிறேன்." ஈஸ்டர் பூசைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனார்.

கண்டக்டர் சேதி சொன்ன அன்று மாலை, அருப்புக்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் கருப்பையா என் தோளைத் தொட்டார். "நல்லாப் பாத்தாகளாய்யா? அன்னைக்கு மாதிரி வேற கணக்கா இருக்கப் போகுது" என்றார். பெட்டியில் லூர்தம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகும், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் முத்தாயி நின்றாள். ஒரு கையில் கோடிச் சேலை, மறு கையில் தூக்குச்சட்டி.

"சேதி நெசமா பொய்யான்னு பஸ்ஸுல வாரவரைக்கும் தெரியல" என்றாள். "எது வேணுமோன்னு ரெண்டையும் கொண்டாந்தேன்."

சேலையை அவர் மேல் போர்த்தினோம். கஞ்சி இன்னும் ஆறவில்லை. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் முத்தாயி என்னிடம் கொடுத்தாள். மதில் ஓரமாக நின்று குடித்தேன், அழுதுகொண்டே.

சாமியாரின் தெர்மாமீட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. லூர்தம்மாள் விட்டுப்போனதில் எனக்கென்று வைத்துக்கொண்டது அதுவும் அந்தக் கணக்கும்தான். நேற்று ஒருவருக்கு வைத்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டேன். நூற்றி இருபத்தேழு வந்தது. எழுதுவதற்கு முன் ஒருமுறை திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன்.