கூஜாத் தண்ணீரோடு திருச்சுழிக்கு

சண்டை முடிந்த மறு வருஷம், சித்திரை வெயிலில், கைக்குழந்தையோடு மதுரையிலிருந்து திருச்சுழிக்குப் போனேன். என் கணவருக்கு அங்கே வாத்தியார் வேலை. முன்னால் போய்ச் சேர்ந்தவர், முற்றத்தில் கிணறு உள்ள வீடு கிடைத்துவிட்டது என்றும், தண்ணீரில் லேசாக மண்ணெண்ணெய் வாடை இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். முதல் செய்தி அவருக்குப் பெரிது, இரண்டாவது எனக்கு. மகள் ஜெயாவுக்கு அப்போது ஏழு மாதம். பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து குடிக்கிறவள். சாமான்களை ஏற்றுமுன் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அந்தப் பக்கம் குடிபோகும் பெண்களுக்கு உதவுமே என்று, ஜெயா தூங்குகிற நேரம் பார்த்து இத்தனை தாமதமாக இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை முப்பது மைல். கட்டணம் பன்னிரண்டு அணா. காலை ஏழு மணிக்கு பஸ். பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில் ஓட, பின்பக்கம் கரி அடுப்பு கட்டிய வண்டி. காரியாபட்டி தாண்டி ஒரு மேட்டில் நின்றுவிட, ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். அருப்புக்கோட்டையில் வண்டி மாறினால் இன்னும் பத்து மைல், நாலணா. இருபுறமும் கரிசல் காடு, கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கரி அள்ளிப் போடும் காலம் முடியப்போகிறது என்று டிரைவர் சந்தோஷப்பட்டார். திருச்சுழி பஸ் ஷெட்டில் பூமிக்குள் பெட்ரோல் டாங்கி இருக்கிறதாம். சண்டை நாளில் காலியாகக் கிடந்ததை மாசியில் நிரப்பிவிட்டார்களாம். கேட்டுக்கொண்டே குழந்தைக்கு விசிறினேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

கூஜா நிறையக் காய்ச்சி ஆறவைத்த மதுரைத் தண்ணீர் வைத்திருந்தேன். சிக்கனமாக இருந்தால் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும்.

வீடு அந்த ஷெட்டுக்கு அடுத்த மனையில் இருந்தது. பின்கட்டில் வீட்டுக்காரர் முத்தையாவும், அவர் மகனும், மருமகள் பேச்சியம்மாளும் இருந்தார்கள். பேச்சியம்மாளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அவள் செம்பில் தந்த தண்ணீரை முகர்ந்தேன். பட்டுச் சேலையில் கறை எடுக்கப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். ஆனாலும் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மண்ணெண்ணெய் என்று எழுதியிருந்ததே மனதில் நின்றது.

“கொசு மருந்துக்காரக விட்ட எண்ணெய்தான் தாயி. பத்து நாள்ல போயிரும்” என்றார் முத்தையா.

எப்போது விட்டார்கள் என்று கேட்டேன். தை மாதம் என்றார், மூன்று மாதத்துக்கு முன். என் முகத்தைப் பார்த்தவர், மறுநாளே தூர் வாரிவிடுவதாகச் சமாதானம் சொன்னார்.

காலையில் தூர் எடுக்கும் இருளப்பனும் அவர் மைத்துனனும் வந்தார்கள். இந்தப் பக்கம் கிணற்றில் ஆள் இறங்குமுன் கயிற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் கெட்ட காற்று, எரிந்தால் இறங்கலாம். இரசாயனம் படித்த எனக்கும் அது நல்ல வழக்கமாகவே பட்டது. விளக்கு பாதிக் கிணறு போயிற்று. சுடர் சிறுக்கவில்லை. நீண்டு கண்ணாடியின் மேல்விளிம்பை எட்டியது, ஓரத்தில் நீலம்.

“பாத்தியாலே, கல்யாண வீட்டு வெளக்காட்டம் எரியுது. இதுக்குப் போயி பயந்தியே” என்றார் இருளப்பன்.

“பயமா? நீ மூத்தவன், மொதல்ல எறங்குன்னு மரியாத குடுத்தேன் மச்சான்.”

இருளப்பன் சிரித்தபடி கயிற்றை இன்னும் விட்டார். சுரங்கத்தில் எரிகிற வாயு கலந்திருந்தால் விளக்கின் சுடர் நீளும் என்று வகுப்பில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கயிற்றை விடவேண்டாம், மெதுவாக மேலே இழுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் முத்தையாவைப் பார்த்தார்.

“எரியத்தான தாயி செய்யுது?” என்றார் முத்தையா.

“இவ்வளவு எரியிறதுதான் தப்பு. உள்ளே பெட்ரோல் ஆவி நிக்குது. கீழே போகப் போக ஜாஸ்தி.”

குடத்தோடு நின்ற பேச்சியம்மாள்தான் பேசினாள். “தெனமும் எறைக்கையில எனக்குத் தலை சுத்துது மாமா. இழுக்கச் சொல்லுங்க.”

விளக்கு ஆடாமல் அசையாமல் மேலே வந்தது. மைத்துனன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, தெருவில் கொண்டுபோய்ப் போட்டான்.

பிறகு ஷெட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்று இடத்தில் தோண்டச் சொன்னோம், நானும் என் கணவரும். சுவரை நெருங்க நெருங்க மண்ணில் வாடை ஏறியது. டாங்கியிலிருந்து கசிந்த பெட்ரோல் மண் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போயிருக்கிறது. ஷெட்டு மேனேஜர், சரக்கு குறைவது உண்மைதான், கோடையில் ஆவியாகத்தான் போகும் என்றார். என் கணவர் தர்க்கம் செய்யவில்லை. அன்று மாலை பம்பைப் பூட்டி, டாங்கிக்குள் அளவுகோலை விட்டுக் குறித்துக்கொண்டு, வெயில் இல்லாத ராத்திரி கழிந்து காலையில் மறுபடி விடலாமே என்றார். காலையில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. மேனேஜர் கோலைத் துடைத்து இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்குள் பெட்ரோல் முழுவதும் பீப்பாய்களுக்கு மாறியது. பின்னால் டாங்கியைத் தோண்டி எடுத்தபோது அடித்தகடு சல்லடையாக இருந்ததாம். காலியாகக் கிடந்த வருஷங்களில் துரு தின்றிருக்கிறது.

கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். நாங்கள் குண்டாற்றுப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். குடிக்க ஆற்று ஊற்றுத் தண்ணீர். விடிவதற்குள் போனால் கூட்டம் இருக்காது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் வீட்டைப் பார்க்குமுன் தண்ணீரை முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால், சுற்றிலும் பூமிக்குள் என்ன புதைத்திருக்கிறது என்று விசாரியுங்கள். காய்ச்சிக் குடிக்கலாம் என்பார்கள். கிருமிக்குத்தான் அது பரிகாரம். அடுப்பில் ஏற்றவே வேண்டாம். வாடை உள்ள கிணற்றில் விளக்கை இறக்கவும் விடாதீர்கள். கைக்குழந்தைக்கு இரண்டு நாள் தண்ணீர் கையில் இருக்கட்டும். எனக்கு ஒரு நாளுக்குத்தான் இருந்தது.

அதுவும் முழுதாக மிஞ்சவில்லை. விளக்கை மேலே எடுத்த பிறகு, எல்லாரும் ஷெட்டுக்குப் போனபோது, பேச்சியம்மாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“மாசியிலருந்து இவனும் இதத்தான குடிச்சான். ஒண்ணும் செய்யாதுல்லக்கா?”

கூஜாவைத் திறந்து அவள் டம்ளரில் பாதியை ஊற்றினேன். பையன் மடமடவென்று குடித்தான். இப்போது அவன் ஓடி ஆடுகிறான். ஊற்றில் பார்க்கும்போதெல்லாம் பேச்சியம்மாள் அவனை முன்னால் தள்ளி நிறுத்துகிறாள். நான் அவன் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, நல்லா இருக்கான் என்கிறேன்.