அம்பிளி அக்கா அறிவித்த ஹர்த்தால்

சீதாலக்ஷ்மி அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போனது 2004 மே மாதத்தின் கடைசி நாள். நல்ல மழை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் வெங்கிடராமன் சாரின் ஆபீசில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவர் அவர். கேக் வெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு எல்லாரும் உள்ளே வந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

அதில் உட்காரத் தெரிந்த ஆள் பக்கத்து மேஜையிலேயே இருந்தாள். என் பெரியம்மா மகள் அம்பிளி. டைப் அடிப்பாள், போன் எடுப்பாள், சீதாலக்ஷ்மி அம்மா லீவு போட்டால் அந்தக் கணக்கையும் அவளே பார்ப்பாள். வெங்கிடராமன் சாருக்கும் இது தெரியும். ஆனால் அந்த நாற்காலிக்கு டிகிரி வேண்டும் என்பது அவருடைய அப்பா காலத்துச் சட்டம். அம்பிளி அக்கா பி.காமைக் கடைசி வருஷத்தில் விட்டவள். "பாஸாயிட்டு வா. அதுவரைக்கும் ஒருத்தரையும் இதுல உக்கார விடமாட்டேன்" என்று சொல்லி, சார் தன் ஈரக்குடையை நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

நான் அந்த வருஷங்களில் ஊரில் இல்லை. ஓரிடத்தில் கால் தரிக்காமல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபின் பல பேரிடம் கேட்டதை ஒட்டுப்போட்டுச் சொல்கிறேன். கடைசியில் நெட் கஃபேயில் கூடிய கூட்டம் எத்தனை பேர் என்பதில் மட்டும் ஆளுக்கு ஆள் பேச்சு மாறும்.

வேலையை விடாமல் எப்படிப் படிப்பது என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்த சமயம், நாக்பூரில் ஒரு பல்கலைக்கழகம் கம்ப்யூட்டரிலேயே வகுப்பு நடத்துகிறது, பாதியில் விட்டவர்களையும் சேர்த்துக்கொள்கிறது என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. சேர்ந்துவிட்டாள். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் முடிந்ததும் அபிலாஷின் நெட் கஃபேக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திரையின் இடது ஓரத்தில் மாணவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. சந்தேகம் இருந்தால் கைப்படத்தை அமுக்க வேண்டும். யாரும் அமுக்க மாட்டார்கள். பேராசிரியர் பாவம், கேள்வி கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டு போவார்.

கடைசிப் பருவத்தில் நாலு நாலு பேராகக் குழு பிரித்தார்கள். தொழிலாளர் புகார்களை நிறுவனங்கள் எப்படித் தீர்க்கின்றன என்று சேர்ந்து ஆராய்ந்து, சேர்ந்து எழுதி, சேர்ந்து வகுப்பில் பேச வேண்டும். நாலு பேருக்கும் ஒரே மார்க். பெயர் 'அ'வில் தொடங்கியதால் அக்கா தலைவி. மற்ற மூவரில் ஜெய்ப்பூர்ப் பையன் எதை எழுதினாலும் "சம்மதம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு மறைந்துவிடுவான். இந்தூர்க்காரர் தினமும் காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவார். உண்மையில் வேலை செய்தது கௌஹாத்தியிலிருந்த ஒரு ஹோட்டல் வரவேற்பாளப் பெண்ணும் அக்காவும்தான்.

அப்போதுதான் கேரளத்தில் ஒரு கட்சி வியாழக்கிழமைக்கு ஹர்த்தால் அறிவித்தது. ஹர்த்தால் என்றால் முழு அடைப்பு, பஸ் கிடையாது, கடை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. பிறந்ததிலிருந்து அக்காவுக்கு இது மழை மாதிரி. மழைக்கு எல்லை உண்டா என்று யார் யோசிப்பார்கள்? விஷயம் தெரியாமல் மற்றவர்கள் வீணாகக் கிளம்பி அலையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், வகுப்பின் அறிவிப்புப் பலகையில் எழுதினாள்: வியாழக்கிழமை ஹர்த்தால், வகுப்பு இல்லை.

குழுத் தலைவர்கள் போடும் அறிவிப்பு பேராசிரியருடையதைப் போலவே சிவப்பு எழுத்தில் மேலே வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது. ஜெய்ப்பூரிலும் இந்தூரிலும் லக்னோவிலும் ஹர்த்தால் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பு இல்லை என்ற பகுதி எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது. வியாழக்கிழமை ஒரு பச்சை விளக்குகூட எரியவில்லை. பேராசிரியர் "யாராவது இருக்கிறீர்களா?" என்று பல தடவை எழுதிவிட்டு, இருட்டுப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாளே ஓலை வந்தது. எந்த அதிகாரத்தில் விடுமுறை அறிவித்தாய்? எங்கள் கேரள விடுமுறைப் பட்டியலில் இப்படி ஒரு பண்டிகை இல்லையே? செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கேமரா முன்னால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், தவறினால் உங்கள் குழுவின் ஆய்வையே ஏற்க முடியாது. ஜெய்ப்பூர்ப் பையன் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் எழுதினான். தன் கல்யாணமே இந்தப் பட்டத்தை நம்பித்தான் நிச்சயமாகியிருக்கிறது என்று.

திங்கட்கிழமை சாயங்காலம், செவ்வாயும் ஹர்த்தால் என்று டிவியில் சொன்னார்கள்.

அக்கா நாக்பூருக்குப் போன் போட்டு வேறு நாள் கேட்டாள். மறுபடியும் அதே பண்டிகையா என்று பதில் வந்தது. அவள் அபிலாஷின் கஃபேக்கு ஓடினாள். அவன் தன் ஷட்டரிலேயே ஹர்த்தால் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். வார்டில் அந்தக் கட்சியின் இளைஞர் பிரிவுக்குச் செயலாளரே அவன்தான். அக்கா அழவில்லை, சும்மா படியில் உட்கார்ந்தாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம் இந்த நாலுக்கும் ஹர்த்தாலில் விலக்கு உண்டு. அபிலாஷ் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு, துபாயில் இருக்கும் மாப்பிள்ளையோடு நெட்டில் நிச்சயம் நடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றான்.

செவ்வாய் காலை ஷட்டர் பாதி திறந்திருந்தது. அதில் பெரிய எழுத்தில் 'கல்யாணம்' என்று தாள். உள்ளே பட்டுப்புடவையில் அம்பிளி அக்கா. புடவையும் தலை நிறைய முல்லைப்பூவும் என் பெரியம்மா இருளாயியின் ஏற்பாடு. கார்ப்பரேஷனில் தெருக்கூட்டி ஓய்வு பெற்றவள். பொய்க் கல்யாணமானாலும் பார்க்கிறவர்கள் நாலு வார்த்தை பேசும்படி இருக்கக் கூடாது என்று ஒரு தாம்பாளத்தில் ஏத்தம்பழமும் அடுக்கி, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டாள். மகளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்தத் தாம்பாளத்தை அவள் பல வருஷமாகத் தேய்த்து வைத்திருந்தாள்.

நாக்பூர்ப் பேராசிரியர் திரையில் தோன்றி, எதிரில் மணக்கோலத்தைக் கண்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட அதே நேரம் ஹர்த்தால் ஊர்வலம் வந்து சேர்ந்தது. முன்னால் வேலன் மாமா. பஜார் ரோட்டுச் சுமைத் தொழிலாளர் சங்கத்தின் மூத்த ஆள், அக்காவைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவர். மாப்பிள்ளையைப் பார்க்காமல் போனால் மரியாதையில்லை என்று உள்ளே வந்தார். கொடியோடு மற்றவர்களும் வந்தார்கள். திரையில் வழுக்கைத் தலையும் கோப்புமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"ஆளு கொஞ்சம் மூத்துப் போச்சே, மோளே."

"கவர்மெண்டு உத்தியோகம், வேலா" என்றாள் பெரியம்மா.

மாப்பிள்ளையின் குரலையாவது கேட்க வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடிக்க, அபிலாஷ் வேறு வழியில்லாமல் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரை மாட்டினான். யாருடைய அனுமதியோடு இதைச் செய்தாய் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் அதட்டுவது கடை முழுக்கக் கேட்டது. ஒருவன் மொழிபெயர்த்தான். நிச்சயத்தன்றே பெண்ணை இப்படி மிரட்டுகிறவன் நாளைக்கு எப்படி வைத்துக்கொள்வான் என்று மாமா நிச்சயத்தை முறிக்கத் தாம்பாளத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"வேலன் மாமா, இது கல்யாணம் இல்ல. அவரு எங்க சார். இன்னிக்கு இவருகிட்ட பேசலன்னா நான் படிச்சது போச்சு, கூடப் படிக்கிற மூணு பேரோடதும் போச்சு."

எல்லாரும் அபிலாஷைப் பார்த்தார்கள். அவன் ஷட்டரைப் பார்த்தான். ஹர்த்தால் நாளில், பொய் சொல்லி, கட்சிக்காரனே கடை திறந்திருக்கிறான். படிப்புக்கு விலக்கு கிடையாது. மாமா வெளியே போய், ஷட்டரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கல்யாணம்னுதான் எழுதியிருக்கு. கல்யாணம்தான். பெண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் உக்காருங்கடா."

உட்கார்ந்தார்கள். கொடிகளை மூலையில் சாய்த்தார்கள். பெரியம்மா பழத்தைப் பங்கு வைத்தாள். வேலன் மாமா பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்து இந்தியில் பேராசிரியருக்கு விளக்கினார். ஹர்த்தால் பண்டிகை இல்லை, இந்த வார்டில் அதை அறிவித்தவன் நான், இதோ கொடி, இதோ ஆட்கள், போன வியாழக்கிழமையும் இவர்கள்தான் என்றார். 'கல்யாணம்' என்று தாள் ஒட்டியதன் காரணத்தை அக்கா ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது பேராசிரியர் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர், உன் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டார். தொழிலாளர் புகார் என்றதும் பெண் வீட்டார் நிமிர்ந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கி, புகார் கொடுத்தவனையே வேலையை விட்டு நிறுத்தினால் எந்த விதி காப்பாற்றும் என்றார். இன்னொருவர் அதற்கு மறுப்பு. பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பருவம் முழுக்க ஒரு கேள்வி வராத வகுப்பில் பாடம் நடத்தியவர். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடவில்லை. கடைசியில், குழு ஆய்வைத் தரலாம், ஆனால் விசாரணை முடியும்வரை நாலு பேருடைய முடிவும் நிறுத்திவைக்கப்படும் என்றார்.

ஆய்வைக் கொடுத்தார்கள், பேசினார்கள். முடிவு வரவில்லை. அக்கா நாக்பூருக்கு மாதாமாதம் எழுதினாள். இந்தூர்க்காரர் ரோஜாவை நிறுத்திவிட்டு விநாயகர் படம் அனுப்ப ஆரம்பித்தார். பள்ளுருத்தி வரைக்கும் அம்பிளிக்கு இந்திக்காரக் கிழவனோடு நிச்சயம் நடந்து முறிந்துவிட்டதாகப் பேச்சு. பெரியம்மா அதற்கு மட்டும் தினமும் யாரோடாவது சண்டை போட்டாள். ஆபீசில் அக்கா சீதாலக்ஷ்மி அம்மாவின் கணக்கு முழுவதையும் தன் பழைய மேஜையிலேயே பார்த்தாள். வெங்கிடராமன் சார் வாக்கு மாறாதவர், குடையும் இடம் மாறவில்லை.

நான் ஊர் திரும்பிய 2007 டிசம்பரில் ஒரு நாள், என் டிக்கெட் விஷயமாக அக்காவோடு அபிலாஷின் கஃபேக்குப் போயிருந்தேன். அவள் வழக்கம்போலத் தன் மெயிலைத் திறந்தாள். நாக்பூரிலிருந்து ஒன்று வந்திருந்தது. அவள் படிக்காமல் திரையை என் பக்கம் திருப்பினாள். நான் வாசித்தேன்:

"குறிப்பிட்ட வியாழக்கிழமை ஹர்த்தால் என்று மாணவி அம்பிளி வெளியிட்ட அறிவிப்பு குறித்த விசாரணை நிறைவடைந்தது. அன்று ஹர்த்தால் நடந்தது உண்மையே என விசாரணைக் குழு ஒருமனதாகக் கண்டறிந்துள்ளது. நிறுத்திவைக்கப்பட்ட முடிவுகள் வெளியிடப்படுகின்றன. நால்வரும் தேர்ச்சி. பட்டச் சான்றிதழ் தபாலில் அனுப்பப்படும். தாமதத்துக்கு வருந்துகிறோம். பெண் வீட்டார் அனைவருக்கும் என் வணக்கம்."