ராகு காலம் முடிந்து கரைத்தார்கள்

ஈப்போ மருத்துவமனையின் சன்னலுக்கு அப்பால் சுண்ணாம்புக் குன்றுகள் பாதி மேகத்துக்குள் இருந்தன. அன்று காலையில்தான் மனைவியின் கருமுட்டைகளை எடுத்திருந்தார்கள். மயக்கம் முழுதாகத் தெளியாமல் படுத்திருந்தாள். இனி என் பங்கு. அது அடுத்த அறையில், திரவ நைட்ரஜன் தொட்டிக்குள், ஒரே ஒரு சிறு குழாயில் கிடந்தது. எனக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றுமுன் சேமித்த விந்து. அதன்பின் என் உடம்பில் புதிதாக எதுவும் உருவாகவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்துத் தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நம்புகிறவன். இதையும் படித்திருந்தேன். உறையும்போது விந்தணுவுக்குள் இருக்கும் நீர் ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி அதன் மெல்லிய தோலைக் கிழிக்கும். அதைத் தடுக்க ஒரு திரவம் கலப்பார்கள். கரைக்கும்போது நீர் திரும்பப் பாயும்; அதிலும் சில வெடிக்கும், சில வால் சுருண்டு நின்றுவிடும். பயம் குறையவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா அழைத்தார்.

“வெள்ளிக்கிழமைப்பா. பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலம். முடிஞ்சப்புறம் வெளிய எடுக்கச் சொல்லு.”

மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இங்க மலேசியாவுல சூரியனே ஏழு மணிக்கு மேலதான் வருது. ராகு மட்டும் இந்தியா டைமுக்கு வருவாரா லா?”

ஆய்வகத்து அக்காவிடம் கூச்சத்தோடு கேட்டேன்.

“உள்ள இருக்கிற வரைக்கும் அதுக்கு நேரமே கிடையாது தம்பி. வெளிய எடுத்துட்டாத்தான் காத்திருக்காது. முட்டை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். பன்னெண்டுக்கு மேலயே எடுக்கிறேன்.”

நேரமே இல்லாத அந்த இடத்தை நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் முடி கொட்டி முளைத்ததும், கோயிலில் நாங்கள் மாலை மாற்றியதும் உள்ளே உறைந்து கிடந்தவற்றுக்குத் தெரியாது. என்னிலிருந்து வந்தவை, என்னைவிட இளையவை.

பன்னிரண்டு தாண்டித் தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை சத்தமில்லாமல் தரையில் வழிந்தது. குழாய் வெதுவெதுப்பான நீருக்குள் போனது. பிறகு ஆய்வகக் கண்ணாடிச் சுவருக்கு இப்புறம் இருந்த நுண்ணோக்கித் திரையில் சாம்பல் நிறம். அதில் புள்ளிகள், தண்ணீரில் தூசி படிந்தது போல.

“எல்லாம் தூங்குதாக்கா?”

“பொறு தம்பி.”

ஓரத்தில் ஒன்று தலையை ஆட்டியது. வட்டமடித்தது, நின்றது, பிறகு நேராகப் போனது. அப்புறம் இன்னொன்று.

“ஒரு முட்டைக்கு ஒண்ணு போதும்,” என்றார் அக்கா.

மனைவியிடம் ஓடினேன்.

“எத்தனை நீந்துது?”

“எண்ணல.”

“படிச்சவரு, எண்ணாம வந்துட்டீங்க.” போர்வைக்குள் என் கையை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள். அடுத்த அறையில் அவற்றில் ஒன்றை முட்டைக்குள் செலுத்த ஊசிமுனையில் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.