அண்ணன் தம்பி மார்க்

எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த லேபிள் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொல்கிற பேச்சல்ல இது. அத்தானின் முகத்துக்கு நேராக அன்றைக்கே சொன்னேன்.

அத்தான் என் அக்காவைக் கட்டியவர். விஸ்வநத்தத்தில் நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி நடத்தினோம். ஐம்பதுகளின் நடுவில் பத்திரிகையைத் திறந்தால் நம் தலைவர்களும் சீனத் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாடும் அண்ணன் தம்பி என்றார்கள். அத்தானுக்கு அது வேதவாக்கு. எங்கள் சரவெடிக்கு ‘அண்ணன் தம்பி மார்க்’ என்று பெயர் வைத்து, ஓர் இந்தியரும் ஒரு சீனரும் கட்டித்தழுவுகிற மாதிரி லேபிள் அடிக்கப் போவதாகச் சொன்னார்.

“வேற பேரு வைங்க அத்தான். மயிலு, குயிலுன்னு எதையாவது போடுங்க.”

“ஏன் மாப்ளே, அண்ணன் தம்பிக்கு என்ன கொறச்சல்?”

“நம்ம பக்கம் கோர்ட்டுக்குப் போறவன் பூராவும் அண்ணன் தம்பிதான்.”

மல்லாங்கிணற்றில் என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வரப்புக்காக, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வழக்காடிக்கொண்டிருந்தார்கள். புல்கூட ஒழுங்காக முளைக்காத வரப்பு. அந்தக் காட்டில் சோளத்தை விதைத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல்தான் நான் பட்டாசுக்கு வந்தேன். இந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே எவ்வளவு நீளமான வரப்பு என்பது பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் பார்த்தாலே தெரியும்.

“அது இமயமலைலே! அங்கன என்னத்த வெதைக்கப் போறான்?” என்று அத்தான் சிரித்தார்.

மொத்தமாக அடித்தால் மலிவு என்று அச்சாபீஸ்காரர் ஆசை காட்ட, அத்தான் பத்து வருஷத்துக்கு ஆகிற லேபிளை ஒரே மூச்சில் அடித்து அடுக்கிவிட்டார். நாட்டை ஆள்கிறவனுக்கே நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. இவருக்குப் பத்து வருஷம் தெரிந்துவிட்டது.

படம் போட்டவர் காலண்டருக்குச் சாமி வரைகிறவர். அவர் கைக்கு வந்தது ஒரே ஒரு முகம். முருகனுக்கும் அதுதான், லட்சுமிக்கும் அதுதான். அதையே இந்தியருக்கும் சீனருக்கும் மாட்டிவிட்டார். இரண்டு உருண்டை முகம், நான்கு ரோஸ் கன்னம். நம் ஆளுக்கு வெள்ளைத் தொப்பி, சீனருக்கு நீலத் தொப்பி. அதை விட்டால் வித்தியாசம் கிடையாது.

வெடி நல்ல வெடி. சில வருஷம் நன்றாகவே விற்றது. அறுபத்திரண்டில் சண்டை வந்தது. அதுவும் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது. சண்டை போடுகிறவனுக்குச் சீசன் தெரியுமா?

எங்கள் சரக்கை மொத்தமாக எடுக்கிறவர் ஒரு விருதுநகர் வியாபாரி. கடையில் பிரித்து வைத்திருந்த ஒரு பெட்டி போக, மீதி லோடு முழுவதையும் லாரியில் ஏற்றி, அவரே கூட வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

“சீனாக்காரன் படம் போட்ட வெடிய எவன் வாங்குவான்? கடையில கல்ல எறிவானுக. மாத்திக் குடுங்க. இல்லாட்டி நீங்களே வெடிச்சுக்கோங்க.”

எங்களுக்கு வருஷம் முழுவதும் அந்த ஒரு லோடுதான். அது போகாவிட்டால் கம்பெனியை மூட வேண்டும். எனக்குச் சோளமும் வரப்பும்தான். புது லேபிள் அடிக்கலாம் என்றால் திருத்தங்கல் வரை எந்த அச்சாபீஸிலும் கை ஓயவில்லை.

“மீசை வச்சிருவோம் மாப்ளே,” என்றார் அத்தான்.

“யாருக்கு?”

“சீனாக்காரனுக்குத்தான். மீசை வச்சா நம்மாளு ஆயிருவான்.”

இதைவிட மடத்தனமான யோசனையை நான் கேட்டதில்லை. வேறு யோசனையும் இல்லை. லேபிள் ஒட்டும் பெண்களை மரத்தடியில் உட்காரவைத்து மையும் பிரஷும் கொடுத்தோம். “நீலத் தொப்பிக்கு மீசை!” என்று கத்திவிட்டு லாரி பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் முறுக்கு மீசை, அரும்பு மீசை, மாமனார் மீசை என்று அவளவள் இஷ்டத்துக்கு வைத்திருந்தாள்கள். அதில் பாதி வெள்ளைத் தொப்பிக்கு!

“நீலத் தொப்பின்னுதான சொன்னேன்? கண்ணு எங்க போச்சு?”

அவர்களில் வாய்க்காரி ஒருத்தி பிரஷைக் கீழே வைத்தாள். “மொதல்ல நீலத்துக்குத்தான் மொதலாளி வச்சோம். பெறகு பாத்தா ரெண்டும் ஒரே மூஞ்சி. மீசை இருந்தா அது நம்மாளுதானன்னு வெள்ளைக்கு வச்சோம். படம் போட்ட மனுசன விட்டுட்டு எங்கள ஏசுறீகளே!”

நான் இன்னும் ஏசினேன். பாதி லோடு பாழ் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அதே வியாபாரி மூச்சிரைக்க வந்து நின்றார்.

“அந்தப் பளைய லேபிள் வெடி எங்க? கடையில இருந்த பெட்டிய இளவட்டப் பயலுக போட்டி போட்டு வாங்கிட்டுப் போயிட்டானுக. சீனாக்காரன வெடிக்கணுமாம்! இன்னும் கொண்டா கொண்டாங்கானுக.”

நீலத் தொப்பி மீசையை நீட்டினோம்.

“இது யாரு, ஒங்க தாய்மாமனா? சீனாக்காரன்னா சீனாக்காரனா இருக்கணும்யா!”

நேற்று இவர்தான் சீனாக்காரன் வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவரோ அதற்குள் வெள்ளைத் தொப்பிக்கு மீசை வைத்த பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

“இது! இதத்தான் கேக்கேன்! நம்மாளு மீசைய முறுக்கிக்கிட்டு அவன் களுத்தப் பிடிச்சு நெரிக்கான் பாருங்க!”

கட்டித்தழுவிய அதே கைகள்தான். நான் பார்த்தேன். மீசை வந்ததும் நெரிக்கிற மாதிரிதான் இருந்தது.

வாய்க்காரி என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

நீலத் தொப்பி மீசைகளின் மேல் அத்தானின் பத்து வருஷக் கையிருப்பிலிருந்து புது லேபிளை எடுத்து ஒட்டி, வெள்ளைத் தொப்பிக்கு மட்டும் மீசை வைத்து லோடை அனுப்பினோம். தீபாவளிக்கு முன்பே முழுவதும் விற்றுவிட்டது.

சீசன் முடிந்ததும், மீந்த லேபிளை எல்லாம் கொளுத்துங்கள் என்றேன். அத்தான் லேபிள் கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“இருக்கட்டும் மாப்ளே. அண்ணன் தம்பி சண்டை எம்புட்டு நாளைக்கு? நாளைக்கே கட்டிப்பிடிச்சா லேபிளுக்கு எங்க போவ?”

“எங்கப்பாவும் சித்தப்பாவும் இன்னும் கட்டிப்பிடிக்கல.”

“பிடிக்காட்டியும் என்ன? கட்டிப்பிடிச்சாலும் இதே படம், களுத்தப் பிடிச்சாலும் இதே படம். நமக்கு நட்டமே இல்லலே!”

அவர் கணக்கு சரியாகப் போனதுதான் எனக்கு இன்றுவரைக்கும் எரிச்சல். பிறகு ஒவ்வொரு சீசனிலும் அத்தான் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை அந்த வாய்க்காரி பசைச் சட்டியோடு காத்து நிற்பாள்.

“சட்டுன்னு சொல்லுங்க மொதலாளி, பசை காயுது. இந்த வருசம் மீசை உண்டா, இல்லையா?”