விருந்தாளிகளுக்கான பாட்டு

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு இலவச வயலின் வகுப்பு வந்ததும் மகளைச் சேர்த்தேன். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். அவளாவது இசைக் கல்லூரிக்குப் போய் ஒரு வேலையில் உட்காரட்டும் என்று ஆசை. ஆனால் வகுப்புக்குப் பணம் கொடுக்கிறவர்கள் பார்க்க வருவார்கள் என்று, வருஷம் முழுக்க ஒரே பாட்டைத்தான் வாசிக்க வைத்தார்கள். நுழைவுத் தேர்வில் அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

“அடுத்த பாடம் எப்போ சாரே?” என்று வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்டேன்.

“ஞாயிறாழ்ச்ச கெஸ்ட் வராங்க சேச்சி, அது கழியட்டும். மோளுக்குப் பழைய உடுப்பு போதும், கேட்டோ.”

“கிழிச்சு அனுப்பணுமா, கிழிஞ்சிருந்தா போதுமா?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிறன்று ஓணத்துக்கு எடுத்த புதுப் பாவாடையையே அவளுக்கு உடுத்தி அனுப்பினேன். பிறகு, வகுப்பில் கொடுத்திருந்த இரவல் வயலினைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அவள் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.