வாசலில் நின்ற பேருந்து

டிரைவரம்மாவுக்குக் கோபம் வந்தால் ஹாரன் அடிக்கமாட்டாள். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் போட்டுக்கொண்டு, எதிரில் வருகிறவன் தானாக ஒதுங்கும்வரை அப்படியே நிற்பாள். அவள் பேருந்து ஓட்டும் தடத்து லாரிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர் அவளுடைய அண்ணன் ஒருவர்தான்.

கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். வேலைக்குக் கிளம்பினால் "எங்கம்மா?" என்பார். செருப்பு வாங்கக் கிளம்பினாலும் "எங்கம்மா?" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; கேட்காமல் இருக்க அவருக்கு வராது, அவ்வளவுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பெட்டியைக் கட்டினாள். பேருந்துத் தடத்திலேயே சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. கடைக்காரர் வாடகை சொன்னார், தண்ணீர் வரும் நேரம் சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வீடு மாறிவிட்டாள், லைசென்ஸில் முகவரி மாறவில்லை. கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த நோட்டீஸை அண்ணன் பிரித்துப் படித்து, ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, மேலே ஒரு டார்ச் லைட்டையும் வைத்துவிட்டார். கெடு தாண்டிப்போக, பரிசோதனை முடியும்வரை வண்டி எடுக்க விடாமல் டெப்போவில் அவளை உட்காரவைத்தார்கள். விஷயம் தெரிந்து போய்க் கேட்டதற்கு அண்ணன் அசரவேயில்லை.

"வாரத்துக்கு ஒருதடவ வந்து எடுத்துட்டுப் போயேன். அட்ரஸ் இங்க இருக்கறவரைக்கும் நீ இந்த வீட்டுப் பொண்ணு. கோவம் தணிஞ்சா வந்துதானே ஆகணும்?"

மறுநாளே முகவரி மாற்ற விண்ணப்பித்தாள்.

விண்ணப்பித்தால் போதாது. அந்த முகவரியில் அவள் வசிக்கிறாளா என்று ஆள் வந்து பார்க்க வேண்டும். வந்தார்களா என்று கேட்க அலுவலகம் போனபோது, கவுண்ட்டர்க்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ரெண்டு தடவ வந்தாச்சு. ரெண்டு தடவையும் பூட்டு. இன்னும் ஒரு தடவ வருவாங்க. அப்பவும் பூட்டியிருந்தா ஃபைல மூடிடுவோம். பழைய அட்ரஸ்தான் நிக்கும்."

"என்னிக்கு வருவாங்க சார்?"

"அதெல்லாம் சொல்லமுடியாது. வேலை நாள்ல, வேலை நேரத்துல."

"வேலை நேரத்துல நான் வேலைல இருப்பேனே?"

"வீட்டுல வேற யாரையாவது இருக்கச்சொல்லுங்கம்மா."

"வேற யாரும் இல்லாம இருக்கத்தான் சார் வீடே மாறினேன்."

அண்ணன் எப்படியோ மோப்பம் பிடித்து போன் செய்தார். "நான் வேணா வந்து உக்காந்திருக்கட்டுமா?" வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அவர் உட்கார்ந்தால் அவர் பெயர் காகிதத்தில் ஏறும். பின்னறை இங்கேயும் கூடவே வந்துவிடும்.

அந்த வாரம் முழுக்க, வண்டி சைக்கிள் கடையைக் கடக்கும்போதெல்லாம் மாடிப்படியில் யாராவது நிற்கிறார்களா என்று கழுத்தை ஒடித்துப் பார்த்தாள். "அக்கா, ரோட்டப் பாருங்க" என்று கண்டக்டர் கத்தினான். அவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் விசில் இல்லாத நேரத்தில் வாய் சும்மா இருக்காது.

வியாழக்கிழமை பகல் வண்டியில் கையிடுக்கில் ஃபைலோடு ஒருவர் ஏறினார். டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்தாள். தெரிந்த முகம். படியில் நின்றதற்காக முன்பு ஒருமுறை சத்தம் போட்டிருக்கிறாள்.

"சைக்கிள் கடை ஸ்டாப் வந்தா சொல்லுப்பா," என்றார் அவர் விசிலிடம். "மூணாவது தடவையா அலையறேன். மாடில ஒரு அம்மா. எப்ப வந்தாலும் பூட்டு. அப்படி எங்கதான் ஊர் சுத்துவாங்களோ?"

"என்ன சார் வேலை பாக்கறாங்களாம்?"

"ஏதோ டிரைவராம்."

விசிலுக்குப் புரை ஏறிவிட்டது. சில்லறைப் பையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான். "அக்கா! உங்க வீட்டுக்கு விருந்தாளி! ரெண்டு தடவையும் நாமதான் கூட்டிட்டுவந்து எறக்கிவிட்டிருக்கோம்!"

சைக்கிள் கடை வந்தது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"வாங்க சார். நான் வீட்டுல இருக்கேன்."

அவர் பதறிப்போனார். "இப்படியெல்லாம் பாக்கறது முறையில்லம்மா."

"பூட்டப் பாத்துட்டுப் போறது மட்டும் முறையா?"

"எனக்கு நேரமாச்சு!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் குரல் விட்டார். "நடந்து போங்களேன், உடம்புக்கு நல்லது," என்றாள் ஜன்னலோரத்து நர்ஸ். "நீ போய்ட்டு வாம்மா."

மாடியில் கட்டில், ஒரு அடுப்பு, கவிழ்த்த தட்டு, கொடியில் ஈரம் காயாத சீருடை. உட்கார, கழித்துப்போட்ட வண்டியிலிருந்து கேட்டு வாங்கிய ரெக்சின் சீட். ஃபைல்காரர் அதில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"வீட்டுப் பொறுப்பாளர் பேரு?"

அவள் தன் பெயரைச் சொன்னாள்.

"அது விண்ணப்பதாரர் பேரும்மா. உங்களுக்குப் பொறுப்பு யாரு? பழைய அட்ரஸ்ல அண்ணன் பேர் இருக்கு. அதையே போட்டுடட்டுமா?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். கீழே வண்டி நின்றது. ஜன்னல்களில் எல்லாம் தலைகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தன உசிருக்கும் பொறுப்பு நான்தான் சார். உங்களையும் சேர்த்து, மூணு தடவ. அதுக்கு யார் கையெழுத்தும் கேக்கல. என் ஒருத்திக்கு மட்டும் ஆள் வேணுமா? எம்பேர ரெண்டு இடத்துலயும் எழுதுங்க. இல்லாட்டி நானும் எறங்கமாட்டேன், வண்டியும் நகராது."

இரண்டு கையையும் ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டு நின்றாள். கீழே யாரோ விசிலடித்தார்கள், விசில்தான். ஃபைல்காரர் ஒருமுறை வண்டியைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். எழுதினார். 'வசிக்கிறார்' என்று அடியில் கையெழுத்தும் போட்டார்.

திரும்பும்போதும் அவர் அதே வண்டியில்தான் வந்தார். படியில் நிற்கவில்லை.

டெப்போவுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. நேரக்காப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வண்டிய நிறுத்திட்டு வீட்டுக்குப் போனீங்களாமே?"

"போனேன்."

"மெமோ வரும்."

"வரட்டும். எந்த அட்ரஸுக்கு அனுப்புவீங்க?"

"இருக்கற அட்ரஸுக்குத்தான்."

"அதுக்கு அனுப்பினா எங்கண்ணன்தான் பதில் எழுதுவாரு. புதுசச் சொல்றேன், எழுதிக்குங்க."

அந்த மெமோ, முகவரி மாறி வரவேண்டிய லைசென்ஸை முந்திக்கொண்டு வந்தது. வேலை முடிந்து கதவைத் திறந்தபோது, கதவிடுக்கு வழியாகத் தள்ளப்பட்டுத் தரையில் கிடந்தது. பணி நேரத்தில் பயணிகளைக் காக்கவைத்தது, அலட்சியம், ஒழுங்கீனம் என்று நீளமாக ஏதேதோ இருந்தது. அவள் உறையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் பெயர். அதற்கு அடுத்த வரியிலேயே கதவிலக்கம். நடுவில் யாரும் இல்லை. யாரும் பிரித்திருக்கவும் இல்லை.

போன் அடித்தது. "ஏம்மா, ஆபீஸ்ல ஏதோ தகராறாமே? இங்க லெட்டர் ஒண்ணும் வரலியே?" என்றார் அண்ணன்.

"வராதுண்ணே," என்றாள்.

ஒரு வாரத்துக்குள் விளக்கம் எழுதித் தரவேண்டுமாம். வெள்ளைத்தாளை எடுத்து, மேலே 'அனுப்புநர்' என்று எழுதி, அதன் கீழே தன் முகவரியை முழுதாக, கொட்டை எழுத்தில் எழுதினாள். பாதித் தாள் அதற்கே போயிற்று. விளக்கத்துக்கு மீதி இடம் போதும்.