ஒரு பிரேக், ஒரு வாய்

டிரைவிங் சொல்லிக்கொடுப்பவனிடம் ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக்கும் முகத்தில் ஒரு வாயும்தான் உண்டு. இரண்டில் எது அதிகம் தேய்ந்தது என்று என்னிடம் கற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் அன்பர்களே, நீங்களும் எவனோ ஒருவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் அதை எடுத்திருப்பீர்கள். திட்டிக் கொடுத்தவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

தட்டில் வந்த வசனம்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வசன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். பக்கத்தில் இருந்தவருக்கு ஆசீர்வாதம் பெருகும் என்று வந்தது. என் மனைவி கிரேஸுக்குச் சமாதானம் வந்தது. எனக்கு நாவை அடக்கச் சொல்லி வந்தது. போன வருஷமும் அதேதான். இதில் ஏதோ சதி இருக்கிறது என்று போதகரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

இனி காரில் யாரையும் திட்டுவதில்லை, வாயில் எது வந்தாலும் அதை விழுங்கிவிட்டு "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்வது என அங்கேயே முடிவு செய்தேன். கிரேஸ் அட்டையை வாங்கிப் படித்தாள். "கர்த்தருக்கு உங்கள நல்லாவே தெரிஞ்சிருக்கு."

காதர் பாயின் சந்தேகம்

தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்க வந்தவர். பொறுமைசாலி. அவருடைய பொறுமையைப் பார்த்தே எனக்குக் கோபம் வரும். பச்சை விளக்கு எரிந்தாலும் இன்னும் நல்ல பச்சை வரட்டும் என்பதுபோல நிற்பார். முன்பெல்லாம் அந்த இடத்தில் "பாய், இதென்ன கடையா, வாடிக்கைக்குக் காத்திருக்க?" என்பேன். இப்போது ஸ்தோத்திரம். அவர் சுவரோரம் உரசப்போனால் பெரிய ஸ்தோத்திரம், கூடவே என் பிரேக். ஒரு வாரம் பார்த்தார். பிறகு வண்டியை ஓரங்கட்டி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் பண்றேன். நீங்க ஸ்தோத்திரம் சொல்லி பிரேக் போடுறீங்க. நடுவுல வண்டிய யாரு லா ஓட்டுறது?"

ஆபத்தின் அளவு

கவிதா என்றொரு நர்ஸ். சைக்கிள்காரரிடமிருந்து நூலிழையில் தப்பிய அன்று என் ஸ்தோத்திரம் என் காதுக்கே கெட்ட வார்த்தையாகக் கேட்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சார், ப்ளீஸ், நார்மலா திட்டுங்க லா. இப்படிச் சொன்னா எவ்ளோ டேஞ்சர்னே தெரியல."

ரத்து செய்யப்பட்ட சொல்

ஸ்டெல்லா சிஸ்டர் எங்கள் சபைதான். அவரும் கணவர் சாமுவேலும் தேக்கா சந்தையில் கீரைக்கடை போட்டிருக்கிறார்கள். சாமுவேலுக்குக் கண் மங்கி, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியுமுன் மொத்தச் சந்தையிலிருந்து கீரை ஏற்றிவர வேன் ஓட்ட ஆள் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் சில மாதம் ஓட்டித் தருகிறார். அதற்குள் சிஸ்டர் லைசென்ஸ் எடுக்காவிட்டால் கடை இல்லை.

சிஸ்டர் கை நல்ல கை. ஆனால் தடம் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவே மாட்டார். "இப்படியே போனா ஃபெயி..." என்று ஆரம்பித்தேன். காரை நிறுத்திவிட்டார். விசுவாசி வாயிலிருந்து அவிசுவாச வார்த்தை வரலாமா, வாய் சொல்வதுதானே நடக்கும் என்று கேட்டார். எனக்கோ அட்டை ஞாபகம். அடங்கிவிட்டேன்.

"அந்த வார்த்தைய இயேசு நாமத்துல ரத்து பண்றேன். நீங்களும் சொல்லுங்க பிரதர், பாஸ் ஆயிட்டேன்னு."

வேனின் அவிசுவாசம்

பாஸ் என்று இருவரும் சேர்ந்து வாயால் அறிக்கையிட்டுப் போன முதல் டெஸ்ட் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. இரண்டிலும் காரணம் அந்தத் திரும்பாத கழுத்துதான். சமாதானம் சொல்லக் கடைக்குப் போனேன். சிஸ்டர் முகத்தைக் காட்டாமல் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வேன் ஓட்டித் தந்தவர் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாராம். சாமுவேல்தான் எனக்கு ஸ்டூல் போட்டார்.

"நாங்க ரெண்டு பேரும் விசுவாசத்துல பாஸாயிட்டோம் பிரதர். வேன்தான் இன்னும் நம்ப மாட்டேங்குது."

சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை.

புக்கிட் பாஞ்சாங் முச்சந்தி

மூன்றாவது டெஸ்டுக்கு முன், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் சிஸ்டர் திரும்பிப் பார்க்காமல் தடம் மாறினார். பிரேக்கை மிதித்தேன். ஸ்தோத்திரம் தொண்டை வரை வந்தது; அதை முந்திக்கொண்டு மற்றது வந்துவிட்டது. "கழுத்து என்ன செயின் மாட்ட மட்டுமா இருக்கு? திரும்பிப் பாருங்க சிஸ்டர்! இப்படி ஓட்டினா இந்தத் தடவையும் ஃபெயில்தான்! கடை போயிடும்!"

இத்தனை மாதமாய் விழுங்கிவைத்த சேமிப்பெல்லாம் ஒரே மூச்சில் போயிற்று. அவர் ரத்து செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதச் சொல்ல உங்களுக்கு ரெண்டு டெஸ்ட் ஆச்சா பிரதர்?"

மூன்றாவது முறை

டெஸ்டில் நான் காருக்குள் இருக்க முடியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பாஸ் என்றும் சொல்லாமல் ஃபெயில் என்றும் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜெபம்கூடச் சரியாக வரவில்லை. சிஸ்டர் ரிசல்ட் தாளோடு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே பாஸ் என்று தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கண்ணீர் வந்தது. டெஸ்டர் பக்கத்தில் என்ன சொல்லிக்கொண்டு ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.

"வாயே திறக்கல பிரதர். ஒவ்வொரு தடவ தடம் மாறும்போதும் உங்க திட்டு காதுல கேட்டுச்சு. ஸ்தோத்திரத்த மட்டும் நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

வார்த்தையால் நடந்த அற்புதத்தைப் பற்றி வரும் ஞாயிறு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் போதகர். எந்த வார்த்தை என்று மட்டும் அவர் கேட்காமல் இருக்க வேண்டும்.